பேரமும் பெருந்தன்மையும்

சென்னை மாநகரின் கடைவீதிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது. நுங்கம்பாக்கத்துக் காதர் நவாஸ்கான் சாலையிலோ கண்ணாடிக் கதவுகளும் குளிர்ந்த காற்றும் நம்மை வரவேற்கின்றன. முன்னதில் கூடை நிறைய ஊக்கும் கைக்குட்டையும் வைத்து விற்கும் மூதாட்டி. பின்னதில் ஒற்றை ஆடையைத் தனியே தொங்கவிட்டு அழகு காட்டும் பூட்டிக்.

ஒரே குடும்பம், ஒரே பெருநாளுக்காக, இவ்விரு வீதிகளுக்கும் செல்வதுண்டு. கண்ணாடிக் கதவுக்குள் ஆயிரக்கணக்கில் விலைச்சீட்டைக் கண்டாலும் வாய் திறப்பதில்லை. கேட்டால் கௌரவம் குறையுமாம்! வெளியே வந்ததும், நடைபாதையில் ஐந்து ரூபாய்க்காக நம் நாவன்மை முழுவதையும் காட்டுகிறோம். இது நீதியா?

பேரம் பேசுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. விலைச்சீட்டு இல்லாத இடத்தில் விலையை அறியும் வழியே அதுதான். கூட்டிச் சொல்லும் வணிகரும் உண்டு. ஏமாறாமல் வாங்குவது அறிவுடைமையே. ஆயினும், நியாய விலை இன்னதென்று தெரிந்த பின்னரும் குறைத்துக் கேட்கிறோமே, அங்கேதான் கேள்வி எழுகிறது. அப்போது நாம் அறிய முயல்வது பொருளின் விலையையா, எதிரிலிருப்பவரின் வறுமையையா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பேரம் பேசியுள்ளார்கள். உஹதுப் போரில் தந்தையை இழந்து, சகோதரிகள் பலரைக் காக்கும் பொறுப்பைச் சுமந்தவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். பயணமொன்றில் அவருடைய களைத்த ஒட்டகத்தை அண்ணலார் விலை பேசி வாங்கினார்கள். மதீனா சேரும்வரை அதில் ஏறிவரவும் இசைந்தார்கள். ஊர் வந்ததும் விலையைக் கொடுத்தார்கள்; ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. இளைஞரின் தன்மானம் குன்றாமல் உதவுவதற்கு அந்த வியாபாரமே திரையாயிற்று.

விற்கும்போதும், வாங்கும்போதும், உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்காக அண்ணலார் அருள் வேண்டியதையும் புகாரியில் காண்கிறோம். 'வாங்கும்போதும்' என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நேர்மை வணிகருக்கு மட்டுமே உரிய கடமையென நாம் நினைத்துவிடுகிறோம். வாங்குபவருக்கும் அதில் பங்குண்டு.

தெருவோர வணிகர்களின் பிழைப்பைக் காக்க 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடை வைக்க இடம் தரலாம். நம் மனத்தில் இடம் தர அதனால் இயலாது. அது நம் கையில் இருக்கிறது.

அடுத்த பெருநாளில் அந்த மூதாட்டியின் முன் நிற்கையில், நியாய விலையை மனமுவந்து கொடுப்போம். இயன்றால் மீதச் சில்லறையையும் கேளாது விடுவோம். கண்ணாடிக் கதவுக்குள் காத்த மௌனத்தில் சிறிதளவேனும் நடைபாதைக்கும் உரியதாகட்டும். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலை அழகாக்கி அருள்வானாக!