மலிவான இறைச்சியும் அண்டை வீட்டாரும்

கெரசேனர் பகுதியில் தீய ஆவி பிடித்தவரை ஆண்டவர் நலப்படுத்தியபோது, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் வீழ்ந்து மடிந்தன என்கிறார் மாற்கு. ஊரார் வந்து, அறிவு தெளிந்து அமர்ந்திருந்த மனிதரைக் கண்டனர்; கண்ட பின்னும் இயேசுவைத் தம் பகுதியைவிட்டு அகலுமாறு வேண்டினர். அச்சம் ஒருபுறமிருக்க, மந்தையின் இழப்பும் அவர்கள் நெஞ்சில் உறுத்தியிருக்கும் என்றே எண்ணுகிறோம்.

இரண்டாயிரம் இன்று பெரிய எண்ணன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டூப்ளின், சாம்ப்சன் மாவட்டங்களில் மக்களைக் காட்டிலும் பன்றிகள் பன்மடங்கு மிகுதி. கொட்டகைகளின் தரையிலுள்ள இடுக்குகள் வழியே விழும் கழிவு திறந்த குளங்களில் தேக்கப்பட்டு, பின்னர் வயல்களில் தெளிக்கப்படுகின்றது. அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்த காற்று வேலியை அறியாது. துணி உலர்த்தவும் முற்றத்தில் அமரவும் இயலாமற்போன அண்டை வீட்டாருள் பலர் கறுப்பின ஏழைகள். 1995 ஜூனில் ஒரு குளத்தின் கரை உடைந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி காலன் கழிவு நியூ ஆற்றில் கலந்தது. 1999-இல் ஃபுளாய்ட் புயல் வெள்ளத்தில் குளங்கள் மூழ்கின. பன்றிகள் ஆயிரக்கணக்கில் மாண்டன.

ஒப்பந்த முறையின்படி பன்றியும் தீவனமும் நிறுவனத்திற்குச் சொந்தம். கொட்டகையும் கடனும் கழிவும் உழவருக்குச் சொந்தம். நாற்றம் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவருக்கு! மலிவு என்று நாம் மகிழும் விலையின் ஒரு பகுதியை வேறொருவர் தம் மூச்சால் செலுத்துகிறார் எனில், அது மலிவாகுமா?

வேலை கிடைக்கின்றதே என்பர். உண்மைதான், பசித்தவன் வேலையை இகழ நமக்கு உரிமையில்லை. ஆயினும், ஆகாபு அரசன்கூட முதலில் நாபோத்திடம் திராட்சைத் தோட்டத்திற்கு விலை பேசினான். இம்மக்களிடம் எவரும் விலை பேசவில்லை. அரசு உரிமம் தந்துவிட்டது என்பதும் விடையாகாது. உரிமம் சட்டத்தின் கேள்விக்கு விடை, அயலானின் கேள்விக்கு அன்று. தனியுடைமை பொதுநலனுக்குக் கீழ்ப்பட்டது என்பது திருச்சபையின் பழைய போதனை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் அதையே மீண்டும் நினைவூட்டினார்.

2018-இல் பத்து அண்டை வீட்டாருக்கு ஐந்து கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதை முப்பத்திரண்டரை இலட்சமாகக் குறைத்தது. அவ்வாண்டே, இத்தகைய வழக்குகளைத் தொடுப்பதைக் கடினமாக்கும் சட்டத்தை, ஆளுநர் மறுத்தும் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது, சமரசமும் ஏற்பட்டது. குளங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன.