தோழமை என்ன மிச்சமா?

“அக்கா, எனக்கு இதுவரைக்கும் யார் மேலயும் அப்படித் தோணவே இல்ல. கூட்டாளிங்களோட இருந்தாலே மனசு நெறஞ்சு போயிடுது.” எங்களோடு வேலை செய்த ஒரு பெண் ஒருநாள் இப்படிச் சொன்னாள். “ஒருத்தன் வரட்டும், தானாத் தோணும்டி” என்றேன். சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவேயில்லை.

ஒரு நாவலைப் படித்தபோதுதான் நான் செய்தது உறைத்தது. இங்கிலாந்து எழுத்தாளர் ஆலிஸ் ஓஸ்மான் இளையோருக்காக எழுதி 2020இல் வெளிவந்த ‘லவ்லெஸ்’. 2021இல் ஒய்.ஏ. புத்தகப் பரிசும் பெற்றது. அதில் வரும் ஜார்ஜியாவுக்கு 18 வயது. காதல் கதை என்றால் உயிர். ஆனால் யாரைப் பார்த்தும் காதலும் வருவதில்லை, உடலாசையும் வருவதில்லை. உடலாசை எழாதவரை ஏசெக்சுவல் என்றும் காதல் எழாதவரை ஏரோமாண்டிக் என்றும் சொல்கிறார்கள். அவள் இரண்டும்தான். தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்து, பழைய நண்பன் ஜேசனையே காதலித்துப் பார்க்கிறாள். அவன் மனசு உடைகிறது.

இதற்கு யார் பொறுப்பு? அவள் மட்டுமா? காதலிக்காதவர் முழு மனுஷரே இல்லை என்று சொல்லிக் கொடுத்த அத்தனை கதைகளுக்கும் பங்கில்லையா? ‘ஒருத்தன் வரட்டும்’ என்ற என் பேச்சும் அந்த ரகம்தானே. ஆனாலும் நாவல் அவளைச் சும்மா விடவில்லை. காதலை முறித்தவரைப் போலவே நட்பை முறித்தவரும் பதில் சொல்லியாக வேண்டும். நட்புக்குத் தருகிற மரியாதையே அதுதான்.

நான் தமிழ் படித்தவள். அகப்பாடல்களில் வரும் தோழியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். தலைவனிடம் வரைவு கடாவுவாள், செவிலியிடம் அறத்தொடு நிற்பாள், உடன்போக்குக்கு உதவுவாள். அந்தத் தோழிக்கு என்ன வேணும் என்று நான் எழுதிய எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஜார்ஜியா தோழியாகவே இருந்து கதைக்கு நடுவில் நிற்கிறாள்.

எனக்கொரு மனக்குறையும் உண்டு. நண்பர்களைத் திரும்பப் பெற அவள் செய்வதெல்லாம் காதல் கதைகளில் வரும் ஆர்ப்பாட்டம்தான். நட்பு பெரிது என்று காட்டக் காதலிடம் உடுப்பு இரவல் வாங்கணுமா? அமெரிக்காவின் லிப்பான் அப்பாச்சி பழங்குடியைச் சேர்ந்த டார்சி லிட்டில் பேட்ஜர் எழுதிய ‘எலட்சோ’வும் 2020இல் வந்ததுதான். அதன் நாயகி எல்லி ஏசெக்சுவல். போகிற போக்கில் வருகிற செய்தி அது. உறவுமுறை அண்ணன் ஒருவனின் சாவு கொலை என்று நிறுவ அவள் கிளம்புகிறாள். நண்பன் ஜே துணைக்கு நிற்கிறான். அதற்கொரு விளக்கமும் இல்லை, முடிவில் காதலாக்கும் வேலையும் இல்லை. கூட நிற்கிறான், அவ்வளவுதான்.

ஓர் உறவின் எடையை அதில் இச்சை இருக்கா இல்லையா என்று பார்த்தா நிறுப்பது? யார் கூட நின்றார், தப்பு செய்தபிறகு யார் திரும்பி வந்தார் என்பதல்லவா எடை? ஆஸ்பத்திரியிலும் வாடகை வீட்டிலும் ‘இவங்க உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்கிறார்கள். ‘கூட்டாளி’ என்கிற பதில் அங்கே போதுவதில்லை. போதாது என்று முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

நட்பிலும் பதில் சொல்லும் கடமை உண்டென்றால் எனக்கும் உண்டு. அவளைப் பார்த்துச் சொல்லணும்: தோணலன்னா தோணல. நீ சொன்னதை அன்னிக்கு நான் காதுல வாங்கல.