துயரமும் மின்சாரமும்

துயரம் அறிவைத் தரும் என்பது நம் எழுத்துக்காரர்கள் பரிசோதித்துப் பாராமலே ஏற்றுக்கொண்டுவிட்ட சித்தாந்தம். கவிஞன் என்றால் கொஞ்சம் சோர்ந்திருக்க வேண்டும். சோர்வின் காரணம் உலகத்தில் இருக்க வேண்டும், உடம்பில் இருந்துவிடக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரனின் மனச்சோர்வு இங்கேதான் தொந்தரவு பண்ணுகிறது. மற்றவர்களைவிட அவனிடம் அது ஏறத்தாழ இரு மடங்கு அதிகம். எது எதற்குக் காரணம் என்பதோ ஒரே திசையில் ஓடுவதில்லை. 17-ம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ், நீண்ட துக்கம் இந்த வியாதியைக் கொண்டுவரும் என்று எழுதினார். 1849-ல் கிளாட் பெர்னார் முயலின் மூளையடியில் ஓரிடத்தில் ஊசியால் குத்த, அதன் மூத்திரத்தில் சர்க்கரை வந்தது.

மூளையடியிலிருந்து கழுத்து வழியாக இருதயம், ஈரல், குடல் என்று அலைகிற நரம்புக்கு வேகஸ் என்று பெயர். லத்தீனில் அலைவது என்றே அர்த்தம். அதன் இழைகளில் ஐந்தில் நாலு பங்கு மூளையின் உத்தரவைக் கீழே கொண்டுபோவதில்லை, உடம்பின் சேதியை மேலே கொண்டுபோகின்றன. மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியை வைத்து, கம்பி வழியே இந்த நரம்புக்கு மின்சாரம் செலுத்துவதை அமெரிக்காவில் 1997-ல் வலிப்பு நோய்க்கும், 2005-ல் வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கும் அனுமதித்தார்கள். பொருத்தியும் மின்சாரம் செலுத்தாமல் விட்டவர்களோடு ஒப்பிட்ட பத்து வாரச் சோதனையில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காது மடலில் இதன் கிளை ஒன்று இருக்கிறது. அங்கே தோல்மேலேயே மின்சாரம் வைத்து, சர்க்கரை வியாதி கண்ட எலிகளிடம் சர்க்கரையையும் சோர்வையும் சேர்த்தே குறைக்கச் சீனாவில் முயன்றிருக்கிறார்கள்.

கால் விரலை எடுத்துவிட்டவன், கண் மங்கிக்கொண்டு வருபவன் சோர்ந்திருக்கிறான். அவன் கணிப்பு தப்பா? இல்லை. மின்சாரம் அந்தக் கணிப்பைத் திருத்துவதுமில்லை, விரல் முளைக்கப்போவதில்லை. ஆனால் இழப்பை அறிந்தவனாகவே அவன் காலையில் எழுந்து ஊசி போட்டுக்கொள்ளலாம். அப்படி எழவிடாமல் அழுத்துகிற பாரம் வேறு. இழப்பை அறிவதையும் அதனடியில் நசுங்குவதையும் ஒன்றாக்கி, நசுங்கினவனையே ஞானி என்று நம் விமர்சனம் கொண்டாடுகிறது. (பேரேட்டில் பணம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, தொகை சரியா என்பது இன்னொன்று. உடம்பிலிருந்து வந்ததாலேயே ஒரு துயரம் பொய்யாகிவிடாது. உலகத்திலிருந்து வந்ததாலேயே மெய்யாகிவிடவும் செய்யாது.)

எனக்கு நெருடுவது குரல்தான். இதே நரம்பின் கிளை குரல்வளைக்கும் போகிறது. கருவி வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கொரு முறை முப்பது வினாடி மின்சாரம் விடும். பலருக்கு அந்த முப்பது வினாடி குரல் கரகரத்துப் போகிறது. தேறி வருகிறவன் தன் பேச்சையே அன்னியமாகக் கேட்கிறான். 'இது நீதானா' என்று அவனிடம் நாம் கேட்க உரிமையில்லை, அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். இதற்கு ஸ்தூலமாக ஒரு ஏற்பாடும் இருக்கிறது. காந்தத் துண்டு ஒன்றை மார்பில் கருவி இருக்கும் இடத்தில் பிடித்தால், பிடித்திருக்கும் வரை மின்சாரம் நிற்கும். பாட வேண்டியவன், வகுப்பெடுக்க வேண்டியவன் அப்படிச் செய்துகொள்ளலாம். அந்தக் காந்தத்தை மருத்துவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை, நோயாளியிடமே கொடுத்தனுப்புகிறார்கள்.