தேர்வுரிமையும் தேர்பவரும்

தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது, எதிர்ப்பட்டாலும் தேடியது அதுதான் என்று எப்படி அறிவது என்று பிளேட்டோவின் உரையாடலொன்றில் மெனோ எழுப்பும் ஐயம், பாடங்களை மாணவரே தேர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நடைமுறைச் சிக்கலாகிறது. புதிய அறிவை ஆக்குவதை முதற்பணியாகக் கொண்ட ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் துறைகள் பெருகப் பெருகப் பாடங்களும் பெருகுவதால், எல்லாரும் எல்லாவற்றையும் கற்பது இயலாமற்போய், யார் எதை விடலாம் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

1869இல் ஹார்வர்டின் தலைவரான வேதியியலாளர் சார்லஸ் எலியட், நாற்பதாண்டுப் பொறுப்பில் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதில், நூற்றாண்டின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிர அநேகமாக எதுவும் கட்டாயமாக இல்லை. பதினெட்டு வயதில் நல்ல அடிப்படைக் கல்வி பெற்றவர் தமக்கு உகந்ததை ஆசிரியர் குழுவைவிட நன்றாகத் தேர்வார் என்பது அவர் துணிபு. 1885இல் நியூயார்க்கில் அவரோடு வாதிட்ட பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷ், சில பாடங்கள் மனத்தைப் பயிற்றுவதற்கென்றே அனைவர்க்கும் உரியவை என்றார். வெளிப்பார்வைக்குப் பாடத்திட்டச் சண்டையாகத் தெரியும் இதன் அடியில் சமயக் கருத்து வேறுபாடும் இருந்ததாகக் கொள்ளலாம். மனித இயல்பே பாவத்தால் கோணியது என்ற கால்வினிய மரபில் வந்த போதகர் மெக்காஷ், அவ்வியல்பின் நன்மையை நம்பிய யூனிட்டேரியன் மரபினர் எலியட். கட்டாய வழிபாட்டை ஹார்வர்ட் கைவிட்டது அடுத்த ஆண்டே என்பது தற்செயலன்று எனலாம்.

ஹார்வர்ட் மாணவர் பாடங்களில் சேர்ந்த விவரமோ இருவருக்கும் முழுதாகச் சாதகமாக அமையவில்லை. ஆர்வமுள்ளோர் ஒரு துறையில் ஆழ்ந்தபோதே, வேறு பலர் பல துறைகளின் தொடக்கநிலை வகுப்புகளில் மட்டும் மேய்ந்து பட்டம் பெற்றனர். எலியட்டை அடுத்து 1909இல் பொறுப்பேற்ற லாரன்ஸ் லோவெல், பதினாறு பாடங்களில் ஆறேனும் ஒரே துறையில் அமையவும், எஞ்சியவற்றுள் சில வெவ்வேறு புலங்களில் பரவவும் விதி செய்தார். முதன்மைப் பாடம், பரவல் பாடம், விருப்பப் பாடம் என்று இன்றும் வழங்கும் பாகுபாட்டின் சாயல் அதிலேயே உண்டு. அதனாலும் மெனோவின் ஐயம் தீரவில்லை, இடம் மாறியது. பக்குவம் வாய்த்தபின் தேர்வுரிமை என்றால், அந்தப் பக்குவம் தேர்ந்து பழகாமல் எங்கிருந்து வரும்?

1978இல் ஹார்வர்டில் ஏற்கப்பட்ட பொதுமையப் பாடத்திட்டம் அறநெறிச் சிந்தனையையும் ஒரு தேவையாக்கிற்று. அதன்கீழ் அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய பாடத்தில் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்ததுண்டு. பேராசிரியர் பெரிய அரங்கில் வினாக்களை வீச, பின்னர் சிறு குழுக்களில் துணையாசிரியர் முன்னிலையில் விவாதம் தொடரும். சாண்டலோ, மனிதர் தம் உறவுகளுக்கும் மரபுக்கும் முன்பே தனித்து நின்று தேரும் தன்னிறைவான ஆள் என்ற கருத்தை 1982இல் வெளியான தம் நூலில் மறுத்தவர். அவருடைய அரங்கை நிரப்பியது பாடத்திட்ட விதியா, ஆசிரியரின் புகழா, அறத்தின்மீதான வேட்கையா என்பதைப் பெயர்ப்பதிவு எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. வந்தவர்களில் பலருக்கே அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.