அவனும் அசைகிறான்

மாசி மகத்துக்கு முந்தைய இரவு. மாமல்லபுரம் மணலெங்கும் இருளர் குடும்பங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கங்களிலிருந்து வந்து, சேலையைக் கூடாரமாகக் கட்டி, ஈரமணலில் படி அமைத்துப் பூ வைத்துக் கன்னியம்மனைக் கூப்பிடுகிறார்கள். வடவானில் சப்தரிஷி மண்டலம் ஏறி நின்றது. வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு விண்மீன் அதே திசையில் இருக்கிறது: எச்.டி. 80606. சுமார் 200 ஒளியாண்டுத் தொலைவு. அதைச் சுற்றும் கோளை நினைத்தேன், மெய் சிலிர்த்தது.

வால்நட்சத்திரத்தின் பாதைபோல் நீண்டு ஒடுங்கியது அக்கோளின் பாதை. 111 நாளில் ஒரு சுற்று. ஒரு கோடியில், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைக் கிட்டத்தட்ட எட்டுமளவுக்கு விலகிப்போகிறது. மறுகோடியில், அந்தத் தூரத்தில் நூற்றில் மூன்று பங்குவரை நெருங்கிப் பாய்கிறது. அப்படி நெருங்கியபோது ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பம் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸிலிருந்து 1,225 டிகிரிக்கு ஏறியதை 2007இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி கண்டது. எத்தனை விலகினாலும் விடாத பிடி! நெருங்கினால் இப்படியொரு தகிப்பு!

என்னைக் கண்ணீர் விடவைத்தது வேறொன்று. 2001இல் அந்தக் கோள் கண்டறியப்பட்டபோது, வானியலாளர்கள் பார்த்தது கோளை அல்ல, விண்மீனின் அசைவை. விண்மீன் கோளை இழுக்கிறது. கோளும் விண்மீனை இழுக்கிறது. அது நெருங்கும் நாட்களில் அத்தனை பெரிய விண்மீனின் வேகமே சட்டென்று மாறுகிறது. சிறியது ஏங்கிவந்தால் பெரியதும் அசைகிறது!

விடிந்ததும் தீர்த்தவாரிக்குப் பெருமாள் எழுந்தருளினார். உலகுய்ய நின்றான் என்னும் அந்த உற்சவரின் திருக்கையில் தாமரை மொட்டு. பாற்கடல் நாதனின் திருவடியில் பூச்சூட்ட ஆசைப்பட்டு இந்தக் கடலையே கையால் இறைத்த புண்டரீக மகரிஷிக்காக முதியவராக வந்தவன் அவன். பசிக்கிறதென்று சொல்லி ரிஷியை அன்னம் கொண்டுவர அனுப்பிவிட்டு, தானே கடலை இறைத்தவன். பாம்பணையை மறந்து வெறுந்தரையில் கிடந்து தலசயனனானவன்.

வைகுந்தத்தையே அசைத்ததே ஒரு பக்தனின் ஏக்கம்! கோளுக்கும் விண்மீனுக்கும் இந்த விதியை வகுத்தவன், தனக்கும் அதையே வகுத்துக்கொண்டானே!

எம்பெருமானே, விலகிப்போகும் நாளிலும் உன் பிடியில்தான் போகிறேன். இந்தச் சிறுஉயிரின் தவிப்பு உன்னைத் தொடும் என்ற துணிவில் கூப்பிடுகிறேன். வா.