பொங்காத மாவு

என் முதல் பிரெட் செங்கல்லாக வந்தது.

வீட்டில் பிரெட் சுட நாலே பொருள்தான் வேண்டும். 500 கிராம் மைதா, 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 7 கிராம் உலர் ஈஸ்ட். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரு மடங்காகும்வரை மூடிவைத்து, உருட்டி, மறுபடி உப்பவிட்டு, 220 டிகிரியில் 35 நிமிடம் சுட்டால் முடிந்தது. நான் கோட்டைவிட்டது தண்ணீரில். வெதுவெதுப்பாக இருக்கவேண்டியதை ஆவி பறக்க ஊற்றிவிட்டேன். 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் ஈரத்துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மாவு அசையவில்லை. சரி போகட்டும் என்று அப்படியே ஓவனில் தள்ளினேன்.

வெளியே எடுத்ததில் கத்தி இறங்கவில்லை. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். வீடு கட்ட எத்தனை லோடு வேணும் என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ராத்திரி அம்மா சுட்டுக்கொடுத்த தோசையைத் தின்றுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறுத்தியது. அம்மா கிரைண்டரிலிருந்து மாவை வழித்து, உப்புப் போட்டு, கையால் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. பிரெட்டில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. மைதாவின் புரதம் தண்ணீரில் வலைபோல் பின்னிக்கொண்டு அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. இட்லி மாவில் அரிசியோடும் உளுந்தோடும் வருகிற பாக்டீரியாக்கள் அதே வேலையைச் செய்கின்றன. வாயுவைப் பிடித்துவைப்பது உளுந்தின் வழவழப்பு. இரண்டிலும் மனிதக்கை செய்வது கொஞ்சம்தான். மீதி காத்திருப்பு.

அப்போது ஒரு மார்கழிக் காலை ஞாபகம் வந்தது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். குளிரில் மாவு பொங்காமல் இட்லி தட்டையாக வந்தது. ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று தட்டைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்துபோனார். அது இன்னும் மோசம். சாயங்காலம் வரை யாரும் கேட்காமலே அம்மா காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘உளுந்து பழசு போல. ராத்திரி பனி வேற.’

என் செங்கல்லுக்கு நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரே மாவு, ஒரே தோல்வி. எனக்கு அது வேடிக்கைக் கதை, அவளுக்குக் குற்றம். ஏன்?

ஹன்னா அரெண்ட் 1958இல் வெளியான ‘மனித நிலை’ நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரிக்கிறார். ரொட்டியின் ஆயுள் ஒரு நாளைத் தாண்டுவதே அரிது, மேசை தலைமுறைகளைத் தாண்டும் என்பது அவர் காட்டும் உதாரணம். உண்டவுடன் மறைவதை மறுபடி மறுபடி உண்டாக்குவது உழைப்பு. நிலைத்து நிற்பதைச் செய்வது ஆக்கம். படித்தபோது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் அடுக்களையில் அது எனக்கு உதவவில்லை. என் பிரெட்டும் அம்மாவின் இட்லியும் ஒரே ஆயுள் கொண்டவை. வித்தியாசம் பொருளில் இல்லை. கெட்டுப்போனால் யார் பட்டினி, யார் பதில் சொல்லவேண்டும் என்பதில் இருக்கிறது. என் பிரெட் கெட்டால் தோசை இருக்கிறது. அவள் மாவு கெட்டால் வீட்டுக்கே காலைச் சாப்பாடு இல்லை. என் விளையாட்டுக்கு அடியில் அவள் உழைப்பு பாயாக விரிந்து கிடக்கிறது. விழுந்தால் எனக்கு வலிப்பதில்லை.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாவு நான் அரைக்கிறேன் என்றேன். முதல் வாரம் தண்ணீர் கூடிப்போய் இட்லி களியாகிவிட்டது. அப்பா இரண்டு தின்றார். ‘பரவாயில்லடா, பையன் ட்ரை பண்ணிருக்கான்’ என்றார். முப்பது வருடத்தில் அம்மாவுக்கு அந்தப் ‘பரவாயில்ல’ ஒருமுறைகூடக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. வேலை கை மாறியது. மன்னிப்பு மட்டும் என்னோடேயே வந்தது.

அப்படியானால் நான் பிரெட் சுடுவதை விட்டுவிட வேண்டுமா? அப்படித் தோன்றவில்லை. தோற்றுப் பார்க்க முடிவது நல்ல விஷயம். தோற்கும் இடத்தில்தான் மனிதன் கற்றுக்கொள்கிறான், சிரிக்கவும் செய்கிறான். ஒரு வீட்டில் அது ஒருவருக்கு மட்டும் கிடைப்பதுதான் அநீதி. நேரத்தைச் சமமாகப் பிரிப்பது சுலபம். யாருடைய தவறுக்கு விளக்கம் கேட்கப்படுகிறது என்பதை மாற்றுவது கஷ்டம். இனி நானும் ‘பரவாயில்லம்மா’ என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தால், அதிலும் நான்தான் நீதிபதி.

நாலாவது பிரெட் நன்றாக வந்தது. அடியில் தட்டினால் கூடு மாதிரிச் சத்தம். அம்மா ஒரு துண்டை விரலால் அமுக்கிப் பார்த்துத் தின்றாள்.

‘நல்லாத்தான்டா இருக்கு.’

‘அடுத்தது நீ பண்ணேன்ம்மா.’

‘எனக்கெதுக்கு? கெட்டுப்போச்சுன்னா அரைக் கிலோ மைதா வீணாயிடும்.’

அதற்குள் நான் ஒன்றரைக் கிலோவை வீணடித்திருந்தேன். அந்தக் கணக்கை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.