பழத்தோட்டத்துப் பாட்டுக்காரி



நாட்டுப்பாட்டு என்றால் கட்டியவர் பெயர் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். தெரியாதா, இல்லை யாரும் போய்க் கேட்கவில்லையா?

ஸ்காட்லாந்தில் பிளேர்கவுரி என்று ஓர் ஊர். ராஸ்பெரி விளைகிற பூமி. கோடை பிறந்தால் நகரத்து ஏழைக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு பழம் பறிக்க வந்து இறங்கும். டிராவலர்ஸ் எனப்படும் நாடோடி மக்களும் கூடாரத்தோடு வந்து சேருவார்கள். அந்தக் கலகலப்பைச் சொல்லும் ஒரு பாட்டு, ‘பெரிஃபீல்ட்ஸ் ஓ பிளேர்’, வாய்க்கு வாய் பரவியது. கட்டியவர் பெயர் மட்டும் கூடவே போகவில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் நாட்டார் வழக்காறுகளைத் திரட்ட ஒரு துறை தொடங்கினார்கள். அங்கே பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர் ஹேமிஷ் ஹென்டர்சன். அவருக்காக மாரிஸ் ஃபிளெமிங் என்ற இளைஞர் 1954இல் அந்தப் பாட்டின் மூலத்தைத் தேடினார். எங்கெங்கோ போக வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்குச் சொந்தக்காரி பிளேர்கவுரியிலேயே இருந்தார். பெல் ஸ்டூவர்ட். ஐம்பதை நெருங்கும் வயது.

டே ஆற்றங்கரையில், ஒரு கூடாரத்தில், 1906இல் பிறந்தவர் பெல். தகப்பனார் தகர வேலைக்காரர். ஆற்றுச் சிப்பியில் முத்தும் எடுப்பார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். வீட்டார் பாடக் கேட்டே பழம்பாடல்கள் பெல்லின் நெஞ்சில் தங்கின. கணவர் அலெக், பைப் இசைக் கலைஞர். ‘டிங்கர்’ என்று ஊரார் ஏளனமாய்க் கூப்பிட்ட டிராவலர்ஸ் சனம் அவர்கள். பழம் பறிக்கக் கை வேண்டும்; குடியிருக்க மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. எல்லா ஊரிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான் போலிருக்கிறது!

ஃபிளெமிங் தேடி வந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் வந்தன. பெல், அலெக், மகள்கள் ஷீலா, கேத்தி எல்லாரும் ‘ஸ்டூவர்ட்ஸ் ஆஃப் பிளேர்’ என்ற பெயரில் மேடை ஏறினார்கள். பெல் தனியாகப் பாடிய இசைத்தட்டு வந்தது 1977இல், எழுபது வயதுக்குப் பிறகு. 1981இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் கொடுத்தார்கள். 1997இல் காலமானார்.

எடின்பரோ பல்கலைக்கழகம் சேர்த்த பழைய ஒலிப்பதிவுகளில் பலவற்றை இன்று இணையத்தில் காசில்லாமல் கேட்கலாம். பெல்லின் குரலும் அவற்றில் உண்டு. மாலையில் பத்து நிமிடம் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.